உதவி வேண்டும், எஜமானன் வேண்டாம்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசும்படி கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "அங்கக் குறைவுள்ளவர்களின் க்ஷேமம்" என்பதாகும். நோட்டீசில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். க்ஷேமம் என்றவுடனே நம்மவர்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒரு வேளைச் சோறு, ஒரு வேஷ்டி, ஒரு மூன்று சக்கர வண்டி, அந்த வண்டியைக் கொடுக்கும்போது எடுத்த ஒரு போட்டோ. இவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு வேண்டியதுதான். ஆனால் நாம் இன்று கேட்கப்போவது வேறு கேள்வி. ஒரு மனிதனுக்குக் கை கால் இயங்கவில்லை, அல்லது கண் தெரியவில்லை, அல்லது காது கேட்கவில்லை என்பதற்காக, அவன் எப்போது எழுந்திருப்பது, எதைச் சாப்பிடுவது, எங்கே குடியிருப்பது, யாரோடு சிநேகமாயிருப்பது, யாரைக் கலியாணம் செய்துகொள்வது என்பவைகளையெல்லாம், கை கால் இயங்குகிற மற்றொருவன் தீர்மானிப்பதற்கு என்ன பாத்தியதை இருக்கின்றது? இதுதான் கேள்வி. நாம் சொல்லுவதை அப்படியே நீங்கள் நம்பவேண்டுமென்பதில்லை. கேட்டு, யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் நம்முடைய தர்மத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குருடாய்ப் பிறந்தால் அது பூர்வ ஜென்மத்துப் பாவம் என்கிறோம். அப்படியானால் அந்தப் பாவியின் கையில் காலணா போடுகிறவனுக்குப் புண்ணியம் எப்படி வருகிறது? கடவுள் தண்டித்தவனுக்கு உதவி செய்வது, ஜட்ஜு தண்டித்த கைதியைச் சிறையிலிருந்து தப்பவிடுகிற மாதிரி குற்றமல்லவா ஆகவேண்டும்? இதை எந்த சாஸ்திரியும் யோசிப்பதில்லை. யோசித்தால் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்காக அங்கே வேண்டியிருக்கிறார்கள் என்பது வெளியாகிவிடும். அவர்கள் போடுகிறவனுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். புண்ணியம் சம்பாதிப்பதற்கு அவர்கள் ஒரு கருவி. கருவிக்கு இஷ்டம் என்று ஒன்று உண்டா? உண்டியலைப் பார்த்து, "உனக்கு இன்று என்ன வேண்டும்?" என்று யாராவது கேட்பார்களா?

பாவமென்று சொல்லிப் பார்த்து அலுத்துப் போனபிறகு, இப்போது தெய்வீகமென்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2015ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவின் பிரதம மந்திரி, இவர்களை "திவ்யாங்" என்று, அதாவது தெய்வீக அங்கமுள்ளவர்கள் என்று அழைக்கலாமென்றார். பிறகு டில்லியில் இலாகாவின் பெயரோடேயே அது ஒட்டிக்கொண்டது. ஊனமுற்றவர்களுடைய சங்கங்களில் பல அப்போதே இதை ஆட்சேபித்தன. எங்கள் உடம்பில் தெய்வீகம் ஒன்றுமில்லை, படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதையைக் கட்டுங்கள் போதும் என்பதுதான் அவர்கள் ஆட்சேபணையின் சாரம். தமிழ்நாட்டில் "மாற்றுத்திறனாளி" என்ற பெயர் வந்தது. இது எவ்வளவோ மேல். இதில் பாவமும் இல்லை, தெய்வமும் இல்லை. ஆனாலும் பெயரை மாற்றிவிட்டுப் படிக்கட்டை மாற்றாமலிருந்தால், மாடிக்குப் போகவேண்டியவர் மரியாதையான பெயரோடு கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, பிறருக்காகத் தீர்மானம் செய்கிறவர்கள் என்ன செய்துவிடக்கூடும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 1880ஆம் வருஷம் இத்தாலி தேசத்து மிலான் நகரத்தில், காது கேளாதவர்களின் படிப்பைப் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு நடந்தது. வந்திருந்த பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒருவர்! அந்த மகாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகைப் பாஷை உதவாது, வாயசைவைப் பார்த்தும் வாயால் பேசியும்தான் படிக்கவேண்டும் என்று தீர்மானம் செய்தது. அதன் பலனாகப் பல தேசங்களில் பள்ளிக்கூடங்களிலிருந்து சைகைப் பாஷை வெளியேற்றப்பட்டது. சைகையில் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்த, தாங்களே காது கேளாதவர்களான உபாத்தியாயர்களுக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் கையால் பேசினால் தண்டனை. அதே வரிசையில் வந்த மகாநாடு 2010ஆம் வருஷம் கனடாவில் வான்கூவர் நகரத்தில் கூடினபோதுதான், அந்தப் பழைய தீர்மானத்தைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருஷம்! அதற்குள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்? மிலானில் கூடினவர்கள் கெட்டவர்களென்று நாம் சொல்லவில்லை. நல்லது செய்ய வேண்டுமென்றே வந்தவர்கள்தான். யாருக்கு நல்லது என்றார்களோ அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அமெரிக்கா தேசத்தில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த எட் ராபர்ட்ஸ் என்பவருடைய கதையைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறோம். இது புராணமல்ல, 1995ஆம் வருஷம் வரையில் உயிரோடிருந்த ஒரு மனிதனின் வாழ்க்கை.

1953இல், அவருக்கு 14 வயதாயிருக்கும்போது இளம்பிள்ளை வாதம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலற்றுப் போயிற்று. இடது கையில் இரண்டொரு விரலும் கால் விரல்களும் கொஞ்சம் அசைந்தன. தானாக மூச்சுவிட முடியாது. இரும்புப் பெட்டி ஒன்றில் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுக்கவைத்து, யந்திரத்தினால் மூச்சுவிடச் செய்வார்கள். பையன் பிழைப்பதைவிடச் சாவதே நல்லது, பிழைத்தாலும் வெறும் மரக்கட்டையாய்த்தான் கிடப்பான் என்கிற அர்த்தத்தில் வைத்தியர் தாயாரிடம் சொன்னார். அதைப் பையனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பையன் என்ன செய்தான்? சாப்பிட மறுத்தான். கை கால் அசையாதவனுக்குச் சாவதற்கும் வேறு வழியில்லையல்லவா? பக்கத்திலேயே தாதிகள் இருந்துகொண்டு பலவந்தமாய் ஊட்டினார்கள். ஊட்ட ஊட்ட இளைத்துக்கொண்டே போனான். கடைசியில் அந்தத் தனித் தாதிகளில் கடைசியானவளும் போய்விட்டாள். இனிச் சாப்பிடுவதா, வேண்டாமா என்பதைக் கேட்க ஆளில்லை. அப்போதுதான் அவனுக்கு, "இது நம்முடைய தீர்மானம்" என்று பட்டதாம். அதன் பிறகு சாப்பிட ஆரம்பித்தான். தோழர்களே! இதை நன்றாய் யோசித்துப் பாருங்கள். ஊட்டினபோது சாகப் பார்த்தவன், தன் இஷ்டத்துக்கு விட்டபோது பிழைத்துக்கொண்டான். மருந்து மாறவில்லை, உடம்பு மாறவில்லை. தீர்மானிக்கிற ஆள்தான் மாறினான்.

பிறகு டெலிபோன் மூலமாகப் படித்து, தாயாரின் பிடிவாதத்தால் வாரத்தில் சில மணி நேரம் நேரில் போயும் படித்து, ஹைஸ்கூல் பாடங்களையெல்லாம் முடித்தார். ஆனால் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் தரமாட்டோமென்றார்கள். காரணம் என்ன தெரியுமா? இரண்டு பாடம் பாக்கியாம்: ஒன்று தேகப் பயிற்சி, மற்றொன்று மோட்டார் கார் ஓட்டுதல்! (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், அந்தத் தலைமை உபாத்தியாயர் சிரிக்கவில்லை. சட்டத்தைத்தான் பார்த்தார். தாயார் ஜோனா ராபர்ட்ஸ் கல்விச் சபை வரையில் போய்ச் சண்டையிட்டு சர்டிபிகேட்டை வாங்கினார்.

அதற்கு மேல் படிக்கப் பணம் வேண்டும். ஊனமுற்றவர்களுக்கு உதவுவதற்கென்றே இருந்த மாகாண சர்க்கார் இலாகாவில் கேட்டால், இவ்வளவு மோசமான ஊனமுள்ளவரால் எந்த வேலையும் செய்ய முடியாது, ஆகையால் பணம் செலவழிப்பதில் பிரயோஜனமில்லை என்றார்கள். பத்திரிகைகளுக்குப் போய், கூச்சலெழுப்பி, அதையும் வாங்கினார். 1962இல் பெர்க்கலி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அதே வருஷத்தில்தான் தெற்கே மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு இன மாணவர் சேர்ந்தார் என்பதையும், அவரை உள்ளே விடுவதற்குப் பட்டாளம் வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராபர்ட்ஸைத் தடுக்க யாரும் தடியெடுக்கவில்லை. கட்டடமே தடுத்தது. 800 ராத்தல் எடையுள்ள அந்த இரும்புப் பெட்டியை எந்த மாணவர் விடுதியும் தாங்காது. கடைசியில் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இரவில் பெட்டிக்குள் தூக்கம். பகலில் ஒரு உதவியாள் நாற்காலி வண்டியைத் தள்ள வகுப்புக்குப் போவது. இவரைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னொருவர் வந்தார். சில வருஷங்களில் அந்த ஆஸ்பத்திரி மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர்கள் நோயாளிகளல்ல, மாணவர்கள். உதவியாட்களுக்குச் சம்பளம் சர்க்கார் பணம். ஆனால் ஆளைப் பார்த்துப் பொறுக்கி வைப்பதும், வேலை சொல்லிக் கொடுப்பதும், சரியில்லாவிட்டால் போகச் சொல்வதும் அந்த மாணவர்களே. எத்தனை மணிக்குப் படுக்கையிலிருந்து தூக்கவேண்டும் என்று தாதி தீர்மானிக்கவில்லை; படுத்திருந்தவர் தீர்மானித்தார். இதைப் பொறுக்காத ஒரு அதிகாரி, அவர்களில் இரண்டு பேர் சரியாய்ப் படிக்கவில்லை, நடத்தையும் திருப்தியில்லை என்று வெளியேற்றப் பார்த்தார். எல்லோரும் ஒன்று சேர்ந்து எதிர்த்து, பத்திரிகைக்கும் போய், கடைசியில் அந்த அதிகாரியையே வேறிடத்துக்கு மாற்றச் செய்தார்கள். சரியாய்ப் படிக்காமல் ஊர் சுற்றுகிற மாணவர்கள் எல்லாக் கலாசாலையிலும் இருக்கிறார்கள். அந்த பாக்கியம் நாற்காலி வண்டிக்காரனுக்கு மட்டும் கிடையாதா என்ன?

பிறகு 1972இல் அதே ஊரில் "சுதந்திர வாழ்க்கை நிலையம்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஊனமுற்றவர்களாகவே இருக்கவேண்டுமென்பது அதன் விதி. அங்கே பூஜையுமில்லை, அன்னதானமுமில்லை. உதவியாட்களின் ஜாபிதா, சக்கர நாற்காலி ரிப்பேர் செய்யும் பட்டறை, படியில்லாத வாடகை வீடுகளின் விவரம், சர்க்காரிடம் சேரவேண்டியதை வாங்க மனு எழுதித் தருதல் ஆகிய இவைதான் வேலை. பட்டறையைப் பற்றிச் சிலர் அலட்சியமாக நினைக்கலாம். சக்கரம் உடைந்த நாளில் அந்த மனிதன் கைதியாகிறான் என்பதை, சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவன்தான் அறிவான். இன்று அமெரிக்கா பூராவும் இப்படிப்பட்ட நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1975இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன், எந்த இலாகா ராபர்ட்ஸை ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவர் என்றதோ, அந்த இலாகாவுக்கே அவரைத் தலைவராக நியமித்தார்!

"இன்னொருவன் சோறு ஊட்டினால்தான் சாப்பாடு, இன்னொருவன் துணி மாட்டினால்தான் மானம் என்று இருப்பவனுக்குச் சுதந்திரம் எது?" என்று சிலர் கேட்கலாம். நாம் திருப்பிக் கேட்கிறோம். நம்முடைய ஜமீன்தாரர்கள் தங்கள் வேஷ்டியைத் தாங்களே துவைத்தார்களா? மந்திரி தன் காரைத் தானே ஓட்டுகிறாரா? பெரிய முதலாளி தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறாரா? இவர்களை யாராவது பரிதாபத்துக்குரிய பராதீனர்கள் என்கிறோமா? இல்லை. ஏன்? சமையற்காரன் இவர் சொன்னபடி சமைக்கிறான். டிரைவர் இவர் சொன்ன இடத்துக்கு ஓட்டுகிறான். ஆகவே, பிறர் கையால் காரியம் நடப்பதில் ஒரு இழிவுமில்லை. பிறர் இஷ்டப்படி நடப்பதுதான் அடிமைத்தனம். ஸ்வீடன் தேசத்தில் 1994 முதல் ஒரு சட்டம் அமலிலிருக்கிறது. பெரிய ஊனமுள்ளவர்களுக்கு, எத்தனை மணி நேர உதவி தேவையென்று கணக்கிட்டு அதற்கான பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆளை வைத்துக்கொள்வது அவர்கள் பாடு.

இவையெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. சர்க்கார் பணம் வாங்கும் எந்த ஸ்தாபனமும் ஊனத்தைக் காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1973இல் சட்டம் செய்தார்கள். ஆனால் அதை அமல்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருஷம் கடத்தினார்கள். 1977 ஏப்ரல் 5ந் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சர்க்கார் கட்டடத்துக்குள் நூறு பேருக்கு மேல் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர் ஜூடித் ஹ்யூமன் என்ற பெண்மணி. சின்ன வயதில், தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கப்பட்டவர். பெரியவரானபின் அதே காரணத்துக்காக உபாத்தியாயர் வேலை மறுக்கப்பட்டு, 1970இல் வழக்காடி ஜெயித்தவர். உள்ளே இருந்தவர்களில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டியவர்கள் உண்டு. வேளாவேளைக்கு மருந்து வேண்டியவர்கள் உண்டு. டெலிபோனை நிறுத்தினார்கள். உடனே காது கேளாத தோழர்கள் ஜன்னலருகில் நின்று சைகையால் வெளியே சேதி அனுப்பினார்கள். மிலானில் தள்ளிய பாஷை அன்று உதவிற்று! கறுப்பு இனத்தவரின் கட்சியான "பிளாக் பாந்தர்" தோழர்கள் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து போட்டார்கள். இதைத் தர்மமென்று சொல்லமுடியுமா? ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குச் செய்தது அது. ஏப்ரல் 28ந் தேதி கையெழுத்தாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். சட்டத்தில் நமக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் செய்த உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. 2016இல் புதுச் சட்டம் வந்தது. 21 வகை ஊனங்களை ஒப்புக்கொண்டது. சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவிகிதமாயிருந்த பங்கை 4 ஆக்கிற்று. அதன் 5ஆவது பிரிவு, ஊனமுற்றவர்களுக்கு ஜனங்களோடு ஜனங்களாய் வாழ உரிமை உண்டு, அவர்களை ஏதோ ஒரு விடுதியில்தான் வாழவேண்டுமென்று கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது; சொந்த உதவியாளைப் பற்றியும் சொல்லுகிறது. ஆனால் உதவியாளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? மத்திய சர்க்கார் கடுமையான ஊனமுள்ள ஏழைகளுக்கு 2012இல் மாதம் 300 ரூபாய் என்று வைத்துவிட்டு, பத்து வருஷம் கடந்தும் அதை உயர்த்தவில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் சேர்த்துக் கொடுப்பதால் இங்கே நிலைமை அதைவிட மேல்தான்; ஆனாலும் அதைக்கொண்டு ஒரு உதவியாளை ஒரு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் வைக்கமுடியாவிட்டால் தாயார்தான் ஆள். தாயாருக்குப் பிறகு அண்ணன் மனைவி. சோறு போடுகிறவள் சொல்லுகிறபடி நடக்கவேண்டியதுதான். அவளும்தான் என்ன செய்வாள், அவளுக்கும் சம்பளமில்லை, ஓய்வுமில்லை.

ஜீஜா கோஷ் என்ற கல்கத்தா பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறவி முதல் மூளைவாதத்தினால் நடையும் பேச்சும் சற்று வித்தியாசமாயிருக்கும். படித்தவர், ஊனமுற்றவர்களுக்காக வேலை செய்கிறவர். 2012 பிப்ரவரியில் கோவாவில் ஒரு மகாநாட்டுக்குப் போக ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிக்கட் இருந்தது. இவர் பிரயாணத்துக்குத் தகுந்தவரா என்று விமானி சந்தேகித்ததாகச் சொல்லி இறக்கிவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2016இல் அவருக்குப் பத்து லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. பணத்தை விடுங்கள். அவருடைய உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இந்தப் புத்தி முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை நம் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி காட்டிற்று. மனநோய் தர்க்காவில் தீருமென்று நம்பி, எல்லா மதத்தாரும் தங்கள் வீட்டு மனிதர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவர்களை வைத்துக் காசு சம்பாதிக்கத் தனி ஆட்கள் கொட்டகை போட்டார்கள். 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் அப்படி ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கட்டினவர்கள் எல்லோரும் என்ன சொன்னார்கள்? "அவர்கள் நன்மைக்காகத்தான்" என்றார்கள். சங்கிலியால் கட்டக்கூடாதென்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தெளிவாய்ச் சொல்லுகிறது. சொல்வதற்கு 16 வருஷமாயிற்று.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கை கால் ஊனமுள்ளவன் தீர்மானிக்கலாம், புத்தி வளர்ச்சியில்லாதவர்கள் என்ன தீர்மானிப்பார்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இதற்கு நம் சுப்ரீம் கோர்ட்டே 2009இல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சண்டிகாரில் சர்க்கார் விடுதியில் இருந்த, புத்தி வளர்ச்சி குறைந்த ஒரு பெண், அங்கேயே பலாத்காரம் செய்யப்பட்டுக் கர்ப்பமானாள். காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை. பிறகு அவர்களே, அவள் நன்மைக்காகக் கர்ப்பத்தைக் கலைத்துவிட வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஹைக்கோர்ட்டும் சரியென்றது. அவளோ பிள்ளை வேண்டுமென்றாள். அவள் சம்மதமில்லாமல் செய்யக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. பிள்ளை பெறுவது நல்லதா என்பது வேறு விஷயம்; பெண்கள் பிள்ளை பெற்றே தீரவேண்டுமென்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. கேள்வி, யார் வயிறு என்பதுதான். எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாதவர், ஒன்றையும் தீர்மானிக்க முடியாதவராகிவிடமாட்டார். இட்லி வேண்டுமா, தோசை வேண்டுமா என்று கேட்டால் அவர் சொல்லுவார். பேசாதவரும் தட்டைத் தள்ளிக் காட்டுவார். முதலில் அதையாவது கேட்டுப் பழகுங்கள். பெரிய விஷயத்தில், பக்கத்தில் உட்கார்ந்து விளங்கும்படி எடுத்துச் சொல்லி அவர் தீர்மானிக்க ஒத்தாசை செய்யவேண்டுமேயொழிய, அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது ஒத்தாசையாகாது. பெண்களுக்குப் புத்தி போதாது, அப்பனோ புருஷனோ மகனோதான் தீர்மானிக்க வேண்டுமென்று மனு சொன்னதும் இதே வாதம்தான்.

இன்னொரு சீட்டில், "இந்த வாசகசாலை என்ன செய்யவேண்டும்?" என்று எழுதியிருக்கிறது. வாசலில் ஐந்து படி இருக்கிறது. பத்திரிகைகளெல்லாம் மாடியில் இருக்கின்றன. இது நமக்கே தெரிகிறது. நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும். ஆகையால் நம்மைக் கேட்பதைவிட, இந்த ஊரிலேயே கண் தெரியாதவர்களும், நடக்க முடியாதவர்களும், காது கேளாதவர்களும் இருக்கிறார்களே, அவர்களை நிர்வாகக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டு அவர்களைக் கேளுங்கள். மிலானைப் போல் பேருக்கு ஒருவரை மட்டும் உட்காரவைக்கவேண்டாம். கமிட்டித் தேர்தல் அடுத்த மாதம் என்று காரியதரிசி சற்று முன் சொன்னார். அதற்குள் அந்த ஐந்து படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டினால்தான் அவர்கள் ஓட்டுப் போடவே உள்ளே வரமுடியும். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.